கட்டும் முன்பே வீடு வாங்குவது: நன்மைகளும் கவனிக்க வேண்டியவையும்

சொந்த வீடு என்பது நம் குடும்பங்களில் பல ஆண்டு உழைப்பின் பலன். வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணமும், கடை வருமானத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்ததும், சில வீடுகளில் பெண்களின் நகையும் சேர்ந்துதான் ஒரு வீடாகிறது. அதை வட்டி கலக்காமல் வாங்க நினைப்பவர்களுக்கு வழிகள் குறைவு. கட்டி முடித்த வீட்டுக்கு முழுத்தொகையையும் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வங்கிக் கடன்தான் என்ற நிலை.

கட்டுவதற்கு முன்பே பேசி முடித்து, கட்டக் கட்டத் தவணையாகப் பணம் கொடுப்பது இன்னொரு வழி. தமிழ்நாட்டில் அடுக்குமாடி வீடு வாங்கும் குடும்பங்களுக்கு இதில் என்ன நன்மை, எங்கே ஆபத்து என்பதைப் பார்ப்போம்.

மார்க்கத்தில் இடம் உண்டா?

தன்னிடம் இல்லாத பொருளை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படியிருக்க, இன்னும் எழும்பாத வீட்டை வாங்குவது கூடுமா என்ற கேள்வி வருவது இயல்புதான்.

தச்சரிடம் அளவு சொல்லிக் கட்டில் செய்யச் சொல்வது போல, ஒரு பொருளைச் செய்து தரும்படி செய்யும் ஒப்பந்தத்துக்கு 'இஸ்திஸ்னா' என்று பெயர். ஹனஃபி மத்ஹபு இதைத் தனி ஒப்பந்தமாக ஏற்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இது 'ஸலம்' என்ற முன்பண வியாபாரத்தின் நிபந்தனைகளுக்குள் வைத்தே பார்க்கப்பட்டது. ஸலமில் விலை முழுவதையும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும்.

ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1990ல் வீட்டு நிதி குறித்து எடுத்த தீர்மானத்தில், இஸ்திஸ்னா முறையில் கட்டுவதற்கு முன்பே வீடு வாங்கலாம், விலையைத் தவணைகளாகக் கொடுக்கலாம் என்று கூறியது. பின்னால் தகராறு வராத அளவுக்கு வீட்டின் விவரங்கள் தெளிவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1992ல் எடுத்த தீர்மானத்தில், ஒப்படைக்கும் காலத்தையும் குறிப்பிட வேண்டும் என்றும், தாமதத்துக்கு இழப்பீடு தருமாறு ஒப்பந்தத்தில் சேர்க்கலாம் என்றும் சொன்னது. ஆகவே ஒப்பந்தம் எந்த அளவுக்குத் தெளிவாக இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

நன்மைகள் என்ன?

1. அவகாசம். 45 லட்சம் ரூபாய் வீட்டுக்கு முதலில் 5 லட்சம் கொடுத்துவிட்டு, மீதி 40 லட்சத்தைக் கட்டுமானம் நடக்கும் மூன்று ஆண்டுகளில் பிரித்துக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 1 லட்சத்து 11 ஆயிரம் வரும். பெரிய தொகைதான். ஆனால் அதே 40 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால், வட்டி மட்டுமே 43 லட்சத்தைத் தாண்டும். கைவசம் ஓரளவு சேமிப்பும், வெளிநாட்டு வருமானமும் உள்ள குடும்பத்துக்கு இந்த மூன்று ஆண்டு அவகாசம் பெரிய உதவி.

2. விலை. பொதுவாக ஒரு திட்டத்தின் தொடக்கத்தில் விலை குறைவாக இருக்கும். கட்டடம் உயர உயர விலையும் உயரும்.

3. தேர்வு. எந்த மாடி, எந்தப் பக்கம் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். கழிப்பறை கிப்லாவை நோக்கி அமையாமல் மாற்றுவது, உளூச் செய்யத் தாழ்வான குழாய் வைப்பது, விருந்தினர் வந்தால் பெண்களுக்குத் தனி இடம் இருக்கும்படி ஹாலைத் தடுப்பது போன்றவற்றை வரைபட நிலையிலேயே கேட்டுப் பெறலாம். சுவர் எழும்பிய பின் இவை செலவு.

4. கண்காணிப்பு. குழாய், வயர், கம்பி எல்லாம் பூச்சுக்குள் மறையும் முன்பே, தெரிந்த பொறியாளர் ஒருவரை அழைத்துச் சென்று காட்டலாம்.

கூடுதல் செலவு

கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழ் பெற்ற வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு 5 சதவீதம் உண்டு. 60 லட்சம் வீட்டுக்கு 3 லட்சம். விலை 45 லட்சத்துக்குள்ளும், உள்பரப்பு சென்னையில் 60 சதுர மீட்டருக்குள்ளும், பெருநகர் அல்லாத ஊர்களில் 90 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம்தான். வீடு கைக்கு வரும்வரை கொடுக்கும் வாடகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவற்றைக் கழித்த பிறகும் விலை குறைவாக இருந்தால்தான் அது லாபம்.

பணம் கொடுக்கும் முன்

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) நமக்குப் பல பாதுகாப்புகளைத் தருகிறது.

• 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் கட்டும் திட்டம் ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணையும் முடிக்கும் தேதியையும் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நாமே சரிபார்க்கலாம்.

• விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வதற்கு முன், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

• வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தை, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டும் பயன்படும் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். நம் பணம் அந்தக் கணக்குக்குப் போகிறதா என்று கேளுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

• விலையை உள்பரப்புக் கணக்கில் கேளுங்கள். விளம்பரத்தில் வரும் 'சூப்பர் பில்ட் அப்' அளவில் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாம் சேர்ந்திருக்கும்.

• கைக்கு வந்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டடக் குறை தெரிந்து புகார் செய்தால், கட்டியவர் 30 நாட்களுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும்.

தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதி, நமக்கு வரும் பிரிக்கப்படாத நிலப்பங்கின் அளவு ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நிலம் வக்ஃபு சொத்து இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். சொந்தக்காரர், ஜமாஅத்காரர், தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் காகிதம் இல்லாமல் பணம் கொடுப்பது நம்மிடையே அதிகம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282வது வசனத்தை இங்கே நினைவில் கொள்வோம்.

வட்டி நுழையும் இடங்கள்

'வீடு கைக்கு வரும்வரை தவணை இல்லை' என்ற விளம்பரங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் நம் பெயரில் ஒரு வங்கிக் கடன் இருக்கும். முதல் சில ஆண்டு வட்டியை வேறொருவர் கட்டினாலும் அது வட்டிக் கடன்தான்.

நாம் தவணை தவறினால் வட்டி என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கும். அதனால் சக்திக்கு மீறிய தவணைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. தேதி வாரியாகக் கொடுப்பதைவிட, அடித்தளம், தளம், பூச்சு என்று வேலை முடிய முடியக் கொடுப்பது நல்லது. வேலை நின்றால் தவணையும் நிற்கும்.

சொன்ன தேதியில் வீடு வராவிட்டால் விலகிப் பணத்தைத் திரும்பப் பெறச் சட்டத்தில் உரிமை உண்டு. அசல் நம்முடையது. அத்துடன் வட்டி என்ற பெயரில் வரும் தொகையை என்ன செய்வது என்பதை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வீடு கைக்கு வரும் முன்பே லாபத்துக்கு மறுவிற்பனை செய்வதையும் அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதிப்பதில்லை.

கடைசியாக ஒன்று. மகன் அனுப்பும் பணத்தில் தந்தை பெயரில் வீடு வாங்கினால், அது அன்பளிப்பா, கடனா, பங்கா என்பதை இப்போதே எழுதிவிடுங்கள். நாளை வாரிசுகளுக்குள் வரும் பிணக்கு அதனால் நீங்கும்.

கட்டும் முன்பே வாங்குவது வட்டியிலிருந்து விலகி நிற்க உதவும் ஒரு நல்ல வாய்ப்பு. ஆனால் அவசரப்படாமல், ஒவ்வொரு விவரத்தையும் எழுத்தில் பெற்றவர்களுக்கே அது பாதுகாப்பானது. ஹலாலான வழியில் நிம்மதியாகக் குடியிருக்கும் வீட்டை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.