காட்டுக் கஷாயம் கடலுக்குப் போன கதை

அமேசானின் கிளை நதியான ரியோ நீக்ரோவில் ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு பார்த்தால் பால் ஊற்றாத டீ மாதிரி இருக்கும். ஒருவகையில் டீயேதான். மேல்படுகையின் வெள்ளை மணற்காடுகளில் உதிர்ந்த இலைகள் மழையில் ஊறுகின்றன. களிமண்ணாக இருந்தால் அந்தச் சாற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மணல் விட்டுவிடுகிறது. லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கார்பன் ஆற்றில் இறங்குகிறது.

‘கரைந்த கரிமக் கார்பன்’ என்று இதற்குப் பெயர். கரைந்தது எது என்று தீர்ப்பதோ ஆய்வகத்து வடிதாள். ஏறக்குறைய அரை மைக்ரான் துளையில் நுழைந்துவிட்டால் கரைந்தது, மேலே தங்கினால் துகள். ஆற்றுக்கு அப்படி ஒரு கோடு தெரியாது.

மனாஸ் நகருக்கருகே, ஆண்டீஸ் வண்டலோடு வரும் சொலிமோயிஸ் (அமேசானின் மேல்பகுதிக்கு அங்கே அதுதான் பெயர்) எதிர்ப்படுகிறது. கறுப்பும் பழுப்புமாக இரண்டும் சுமார் 6 கிலோமீட்டர் ஒட்டாமலே ஓடி, பிறகு கலக்கின்றன. கடல் இன்னும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இந்த வழியில்தான் பாதி கதை முடிந்துபோகிறது. பாக்டீரியாக்கள் சாற்றைத் தின்று கரியமில வாயுவாக மூச்சு விடுகின்றன. அமேசான் நீர்ப்பரப்புகள் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் கார்பனைக் காற்றில் விடுவதாக ஜெஃப்ரி ரிச்சி குழுவினர் 2002இல் கணக்கிட்டார்கள். அது முழுக்க இலைச்சாறு அல்ல, வெள்ளக்காட்டு வேர்களின் மூச்சும் சேர்ந்தது. ஆனாலும் கடலுக்குப் போகும் கரிமக் கார்பனைப்போல 13 மடங்கு!

மற்ற நதிகளில் கழிமுகத்துக்குள் உப்பு ஏறிவரும். நொடிக்குச் சுமார் 2 லட்சம் கன மீட்டர் தள்ளும் அமேசானிடம் அது நடக்காது. கலப்பெல்லாம் வெளியே, கண்டத்திட்டின்மேல். உப்பு பட்டதும் சாற்றில் கொஞ்சம், இரும்போடு சேர்ந்து, பால் திரிவதுபோலத் திரிந்து அடியில் படிகிறது. வண்டலும் இறங்கிவிட, தண்ணீர் தெளிகிறது. அதுவரை உள்ளே வரமுடியாத வெயில் இப்போது நுழைந்து, நிறம் தந்த மூலக்கூறுகளை உடைக்கிறது. மிச்சத்தை வட பிரேசில் நீரோட்டம் கரீபியன் பக்கம் இழுத்துப்போகிறது.

உலக நதிகள் ஆண்டுக்குக் கடலில் சேர்க்கும் கரைந்த கரிமக் கார்பன் சுமார் 25 கோடி டன். கடலின் கையிருப்பு 66,000 கோடி டன். ஆழ்கடலில் அதன் சராசரி வயது 4,000 முதல் 6,000 ஆண்டுகள். நதிகள் மட்டுமே மூவாயிரம் ஆண்டுக்குள் அத்தனையையும் நிரப்பியிருக்கலாம். ஆனால் நிலத்துச் செடிகளின் கையெழுத்தான லிக்னினைக் கடலில் தேடினால் சுவடு அளவே கிடைக்கிறது. அந்தச் சுவடும் பசிபிக்கைவிட, பெருநதிகள் வந்து விழும் அட்லாண்டிக்கில் அதிகம்.