முன்னிலை இல்லாத குறிப்புகள்

ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் ஒருவரைப் பற்றி ஒருவர் படர்க்கையில் எழுதிக்கொண்டே பணியாற்ற இயலுமா? கல்கத்தாவில் 1774 முதல் 1780 வரை அப்படித்தான் ஓர் அரசு நடந்தது.

1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸுடன் நால்வரைச் சபையில் அமர்த்தியது. பெரும்பான்மை முடிவு அவரையும் கட்டுப்படுத்தும். 1774 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய பிலிப் பிரான்சிஸ், கிளேவரிங், மான்சன் மூவரும் ஓரணி. ஹேஸ்டிங்ஸுக்குத் துணை பார்வெல் ஒருவரே. (வரவேற்பில் 21 பீரங்கி முழக்கத்தை எதிர்பார்த்தவர்களுக்கு 17தான் கிடைத்தது; கசப்பு அங்கேயே தொடங்கியது என்பர். அலுவலகப் பகைக்கு இதுவே அதிகம்.)

கருத்து மாறுபட்டவர் ‘மினிட்’ எனும் குறிப்பெழுதிப் பதிவுசெய்வார். மற்றவர் மறுகுறிப்பு எழுதுவார். எல்லாம் படியெடுக்கப்பட்டு, லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்களுக்குக் கப்பலேறும். போய்ச் சேரவே ஏறத்தாழ அரையாண்டு ஆகும். இவற்றில் தன்மை உண்டு, படர்க்கை உண்டு, முன்னிலை இல்லை. எதிரே இருப்பவர் ‘திரு. பிரான்சிஸ்’தான், ‘நீங்கள்’ அல்லர். உண்மையான வாசகர் கடலுக்கு அப்பால் இருந்தார். ஆகவே சமரசத்திற்கு இடமில்லை. அதே படர்க்கைதான் கைகலப்பையும் தடுத்தது என்பது என் வாசிப்பு.

ஆனால் இப்போரின் விலையைக் கொடுத்தவர் வேறொருவர். 1775 மார்ச்சில், ஹேஸ்டிங்ஸ் மீது நந்தகுமார் சுமத்திய லஞ்சப் புகாரைச் சபைமுன் வைத்தவர் பிரான்சிஸ். அவ்வாண்டு ஆகஸ்டில், போலி ஆவண வழக்கொன்றில் நந்தகுமார் தூக்கிலிடப்பட்டார். சபையில் குறிப்புகள் தொடர்ந்தன.

மான்சனும் கிளேவரிங்கும் இறந்தபின், 1780 தொடக்கத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மராத்தியப் போரில் பிரான்சிஸ் குறுக்கிடமாட்டார் என்று ஹேஸ்டிங்ஸ் அதைப் புரிந்துகொண்டார். தாம் இசைந்தது அவ்வளவு அல்ல என்றார் பிரான்சிஸ். வெகுண்ட ஹேஸ்டிங்ஸ் ஜூலையில் ஒரு குறிப்பெழுதினார். பிரான்சிஸின் தனி நடத்தையில் வாய்மையும் மானமும் இல்லை, பொது நடத்தையையும் அதைக் கொண்டே அளப்பேன் என்பது அதன் சாரம். அதுவும் படர்க்கையில்தான் இருந்தது. ஆனால் சபை கூடுவதற்கு முந்தைய மாலையே அதைப் பிரான்சிஸுக்கு அனுப்பிவைத்தார். அக்கணமே அது கடிதமாகிவிட்டது.

ஆகஸ்ட் 17 அன்று அலிப்பூரில் இருவரும் கைத்துப்பாக்கியுடன் எதிரெதிரே நின்றனர். குண்டடிபட்ட பிரான்சிஸ் பிழைத்தார். நேரில் வந்து காண ஹேஸ்டிங்ஸ் விரும்பியபோது அவர் இசையவில்லை. இனிச் சந்திப்பதெல்லாம் சபை மேசையில் மட்டுமே என்று தெரிவித்துவிட்டார்.