ஒதுக்கிவைத்தலும் ஒப்புதலும்: தாம்பரம் சானடோரியம் முதல் மரபணு சிகிச்சை வரை

முன்னுரை

செம்பாக்கத்துக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலுள்ள ரயில் நிலையத்துக்குச் ‘சானடோரியம்’ என்ற பெயர் வரக் காரணமான வளாகம் இதுதான். காசநோய், எச்.ஐ.வி. என இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் தொற்றுகளை இது எதிர்கொண்டிருக்கிறது. தொற்றுள்ள மனிதரை ஒதுக்கிவைப்பதா, அவருடைய ஒப்புதலோடு சிகிச்சை தருவதா என்ற கேள்விக்குச் சென்னை 1959-லேயே அறிவியல் வழியில் விடை கண்டது. முப்பது ஆண்டுகளுக்குள் அந்த விடையை மறந்தது. அந்த மறதிக்கு விலை கொடுத்தவர்கள் தம் தரப்பைச் சொல்ல வழியற்ற எளியவர்கள். இந்த வரலாற்றைத் தொடர்ந்து சென்று, இன்றைய மரபணு சிகிச்சை பற்றிய விவாதங்களுக்கு அதிலிருந்து என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. காற்றும் ஓய்வும் மருந்தான காலம்

இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்திய அனுபவத்தோடு நாடு திரும்பிய மருத்துவர் சௌரி முத்து, 1928-ல் தாம்பரத்தில் இந்த நிலையத்தைத் தொடங்கினார். 1937-ல் சென்னை மாகாண அரசு அதை ஏற்றுக்கொண்டது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் அன்று இல்லை. திறந்த வெளிக் காற்று, சத்தான உணவு, நீண்ட ஓய்வு ஆகிய மூன்றுமே சிகிச்சை. வீட்டையும் ஊரையும் விட்டு விலகியிருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. மருந்தில்லாத காலத்தில் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் இருந்தது. மருந்து வந்த பிறகும் அது நீடிக்க வேண்டுமா என்பதுதான் அடுத்து எழுந்த கேள்வி.

2. வீடா, சானடோரியமா? 1956–1959

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் கைகோத்தன. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வந்த மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ், வீட்டுச் சிகிச்சையையும் சானடோரியச் சிகிச்சையையும் ஒப்பிட்டு அங்கே நடந்த ஆய்வுக்கு வழிகாட்டினார். சென்னையின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றொரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற ஒரே மருந்துகள் ஓராண்டு தரப்பட்டன.

வீட்டில் இருந்தவர்கள் வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்றார்கள். ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கே போய், மீதமிருக்கும் மருந்தை எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று உறுதி செய்தார்கள். வீட்டுப் பிரிவினர் சாப்பிட்டது சானடோரியத்தில் கிடைத்ததைவிடக் குறைவான சத்துள்ள உணவு. அவர்களுக்கு ஓய்வும் குறைவு, இடமும் நெருக்கடி. ஆனாலும் ஆண்டு முடிவில் சானடோரியப் பிரிவில் 92 சதவீதத்தினருக்கும் வீட்டுப் பிரிவில் 86 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது.

வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் பரவாதா என்பதே பலரின் அச்சம். குடும்பத்தினரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்த்த குடும்பங்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று தெரிந்தது. தொற்று பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே நிகழ்ந்துவிடுகிறது. மருந்து உள்ளே போனதும் பரவும் வேகம் தணிந்துவிடுகிறது. உலகின் காசநோய்க் கொள்கையையே மாற்றிய இந்த முடிவு, சென்னையின் ஓட்டு வீடுகளிலிருந்தும் குடிசைகளிலிருந்தும் வந்தது. நோயாளியைப் பிரித்துவைப்பதைவிட அவருக்குத் தடையின்றி மருந்து கிடைக்கச் செய்வதே ஊரைக் காக்கும் என்பதே அதன் சாரம்.

3. ஆறு இரத்த மாதிரிகளும் அதன் பிறகும்

இரண்டாவது தொற்றின் இந்தியக் கதையும் சென்னையிலிருந்தே தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எய்ட்ஸ் பற்றிய ஆய்வை ஒப்படைத்தார். பாலியல் தொழில் வழக்குகளில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா இரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது. மாதிரிகள் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருந்தன. 1986 பிப்ரவரியில் கணவரோடு ரயிலேறி, அவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் காட்பாடி வழியாக வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். அங்கே நடந்த பரிசோதனையில் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் உறுதியானது.

எளிய வசதிகளோடு நடந்த அந்த ஆய்வின் துணிவை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் இரத்தம் கொடுத்த பெண்கள் காவலில் இருந்தவர்கள். எதற்கான சோதனை என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஒப்புதல் குறித்து ஹெல்சிங்கி பிரகடனம் 1964-லும் ஐ.சி.எம்.ஆரின் நெறிமுறை அறிக்கை 1980-லும் வந்துவிட்டன. இருந்தும் அன்றைய ஆய்வகங்களின் அன்றாட வழக்கத்துக்குள் அவை இறங்கவில்லை.

கண்டுபிடிப்புக்குப் பின் நடந்தது இன்னும் கொடியது. தொற்றுள்ள பெண்கள் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்தில் அடைத்துவைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்த பிறகே, 1990-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் அவர்கள் விடுதலையானார்கள். 1989-ல் கோவாவில் இரத்த தானம் செய்த டொமினிக் டி'சூசா தொற்றுள்ளவர் என்று தெரிந்ததும் 64 நாட்கள் தனிமைக் காவலில் வைக்கப்பட்டார். அவரை அடைத்த இடம் கைவிடப்பட்ட ஒரு காசநோய் சானடோரியம். காற்றில் பரவும் காசநோய்க்கே தேவையில்லை என்று சென்னை நிரூபித்த தனிமை, தொட்டாலோ கூட இருந்தாலோ பரவாத எச்.ஐ.வி.க்கு விதிக்கப்பட்டது. இதில் அறிவியல் இல்லை. அச்சம் மட்டுமே இருந்தது.

4. தாம்பரம் திறந்த கதவு

பல மருத்துவமனைகள் எச்.ஐ.வி. நோயாளிகளைத் திருப்பி அனுப்பிய 1990-களில் தாம்பரம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. எச்.ஐ.வி. உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால், நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு அவர்கள் வந்து சேர்வது இயல்பாகவும் இருந்தது. அப்போது கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் செ.நெ. தெய்வநாயகம் சித்த மருந்துகளையும் கொடுத்துப் பார்த்தார். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் கிடைக்கும் முன்னேற்றத்தைச் சான்றாக ஏற்கலாமா என்று ஒரு தரப்பு கேட்டது. வேறு மருந்து வாங்க வழியில்லாதவர்களை வெறுங்கையோடு அனுப்பலாமா என்று மறுதரப்பு கேட்டது. இரண்டுமே நேர்மையான கேள்விகள்.

2001-ல் சிப்லா நிறுவனம் எச்.ஐ.வி.க்கான மூன்று மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்துகளை (ஏ.ஆர்.டி.) இலவசமாகத் தரும் அரசுத் திட்டம் எட்டு மருத்துவமனைகளில் தொடங்கியபோது அவற்றில் தாம்பரமும் ஒன்று. ஒப்புதலின்றிச் சோதிப்பதையும் தொற்றுநிலையை வெளியிடுவதையும் தடுக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. முதல் மாதிரிகளிலிருந்து இந்தச் சட்டம் வர 32 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

5. மரபணுவின் வாசலில்

அதே 2018 நவம்பரில் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், எச்.ஐ.வி. உடலணுக்குள் நுழைய வழிவிடும் சி.சி.ஆர்.5 மரபணுவைக் கருக்களில் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக அறிவித்தார். தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்ததே அவர் சொன்ன காரணம். அந்தத் தொற்றைக் குழந்தைக்குப் போகாமல் தடுக்கப் பாதுகாப்பான வழிகள் ஏற்கெனவே இருந்தன. திருத்தத்தின் விளைவைத் தலைமுறைகளுக்கும் சுமக்கப்போகும் குழந்தைகளிடம் ஒப்புதல் கேட்க வழியே இல்லை. 2019-ல் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. அதே ஆண்டு வெளியான ஐ.சி.எம்.ஆரின் மரபணு சிகிச்சை வழிகாட்டுதல்கள், சந்ததிக்குக் கடத்தப்படும் மரபணுத் திருத்தத்தை இந்தியாவில் தடை செய்தன.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு வேலூரில் இருக்கிறது. ஹீமோபிலியா ஏ நோயுள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய குருத்தணுக்களிலேயே சரியான மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தியதையும், அதன் பின் அவர்களுக்கு இரத்தக்கசிவு நேரவில்லை என்பதையும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் அலோக் ஸ்ரீவஸ்தவா குழு 2024-ல் வெளியிட்டது. மரபணுவை உள்ளே எடுத்துச் செல்லும் லென்டிவைரஸ் ஊர்தி, நோய் தரும் திறன் நீக்கப்பட்ட எச்.ஐ.வி.யிலிருந்து உருவானது. 1986-ல் அந்த ஆறு மாதிரிகளைச் சோதித்த அதே நிறுவனத்தில், அந்த வைரஸே இன்று மருந்தைச் சுமக்கிறது. இந்தச் சிகிச்சையின் பலனும் ஆபத்தும், அறிந்து ஒப்புக்கொண்டவரின் உடலோடு நின்றுவிடுகின்றன.

முடிவுரை

நெறிமுறை அறிவியலின் வேகத்தைக் குறைக்கிறது என்ற புகாரை இந்த வரலாறு ஏற்கவில்லை. 1956 ஆய்வு வென்றதற்குக் காரணம், நோயாளியின் வீட்டையும் வறுமையையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டதுதான். 1986-க்குப் பின் கையாளப்பட்ட காவல் முறை தொற்றைத் தடுக்கவில்லை. பயந்தவர்களைச் சோதனைக்கே வரவிடாமல் விரட்டியது. மரபணு சிகிச்சைகள் நாளை அரசு மருத்துவமனைகளுக்கும் வரும். அப்போது ஒப்புதல் படிவம் நோயாளி பேசும் தமிழில் இருக்க வேண்டும். உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஆள் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்ற உறுதி கிடைக்க வேண்டும். நெறிமுறைக் குழுக்களில் நோயாளிகளின் பிரதிநிதிகளுக்கும் இடம் தர வேண்டும். இவற்றைச் செய்ய இன்னொரு 32 ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை.