தார், ஜிம்னிக்கு 'லிஃப்ட் கிட்' போடலாமா? தேரி மணல், உப்பள ரோடு, வெள்ளம்... தூத்துக்குடிக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

புதுசா ஒரு தார் அல்லது ஜிம்னி வாங்கியாச்சு. அடுத்த வாரமே நண்பர் ஒருத்தர் வந்து, "மாப்ள, ரெண்டு இன்ச் தூக்கிடு, கெத்தா இருக்கும்" என்பார். இன்ஸ்டாகிராமைத் திறந்தால் அதே வண்டி யானை மாதிரி உயரமா நிற்கும். தூத்துக்குடி மாவட்டத்தில் இந்த ஆசைக்குக் காரணமும் இருக்கிறது. ஒரு பக்கம் தேரிக்காட்டு செம்மண், இன்னொரு பக்கம் மழை பெய்தால் களிமண்ணாகும் உப்பளப் பாதை. போதாக்குறைக்கு 2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியதும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே சிக்கி நின்றதும் கண் முன்னாடி நடந்தவை.

அப்படியானால் வண்டியைத் தூக்கினால் இதெல்லாம் சரியாகிவிடுமா? கொஞ்சம் சரியாகும், பல விஷயம் ஆகாது, சிலது மோசமாகும். விவரமாகப் பார்ப்போம்.

லிஃப்ட் கிட் என்றால் என்ன?

சக்கரத்துக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருப்பதுதான் சஸ்பென்ஷன். அதில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், இணைக்கும் கைகள் எல்லாம் அடக்கம். நீளமான ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் போட்டு சேசிஸை மேலே தூக்குவதுதான் சஸ்பென்ஷன் லிஃப்ட். பழைய ஜீப், மேஜர் மாதிரி பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் பட்டையின் வளைவை மாற்றியோ, நீளமான ஷாக்கிள் போட்டோ தூக்குவார்கள்.

'பாடி லிஃப்ட்' என்பது வேறு. அதில் சேசிஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைத்து பாடியை மட்டும் உயர்த்துவார்கள். பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், ஆனால் வண்டியின் அடிவயிறு ஒரு மி.மீ. கூட ஏறாது.

மூன்றாவது, எல்லோரும் முதலில் விழும் வலை: ஸ்பேசர். இருக்கிற ஸ்பிரிங் மேலேயோ கீழேயோ ஒரு வட்டத் துண்டு வைத்து மாட்டிவிடுவார்கள். சில ஆயிரத்தில் வேலை முடியும். வெளிநாட்டு பிராண்டின் முழு கிட்டோ லட்சத்தைத் தாண்டக் கூடும். துறைமுகம் நம்ம ஊர்ல இருக்கேன்னு சுங்க வரி குறையப் போவதில்லை!

தூக்கினால் அடியில் தட்டாதா?

இங்கேதான் பெரும்பாலானவர்களுக்குக் குழப்பம். தார் வண்டியின் பின்பக்கமும், ஜிம்னியின் முன், பின் இரண்டு பக்கமும் ரிஜிட் ஆக்ஸில். ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை ஒரே இரும்பு ஹவுசிங், அதில் கிரவுன் இருக்கும் உருண்டையான பகுதி தொங்கும். வண்டியிலேயே தரைக்கு மிக அருகில் இருப்பது பெரும்பாலும் அந்த உருண்டைதான்.

லிஃப்ட் கிட் எதைத் தூக்குகிறது? சேசிஸை. ஹவுசிங் சக்கரத்தோடு சேர்ந்து கீழேயே இருக்கும். நாலு இன்ச் தூக்கினாலும் அந்த உருண்டை பழைய உயரத்தில்தான் இருக்கும். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஜிம்னியில் கம்பெனி கொடுப்பது 195/80 ஆர்15 டயர். அதன் விட்டம் சுமார் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் சுமார் 703 மி.மீ. பத்து மி.மீ. கூடியது போலத் தெரியும், ஆனால் ஹவுசிங் உயர்வது அதில் பாதி, அதாவது 5 மி.மீ. மட்டுமே. 235/75 ஆர்15-க்குப் போனால் விட்டம் 733 மி.மீ. ஆகும், ஹவுசிங் 20 மி.மீ. ஏறும். ஆனால் இவ்வளவு பெரிய டயர், சக்கரம் மேலே எழும்போதும் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதும் மட்கார்டில் உரசும். லிஃப்ட் கிட்டின் உண்மையான உபயோகம் இங்கேதான் வருகிறது: பெரிய டயருக்கு இடம் கொடுப்பது.

இன்னொரு நல்ல உபயோகமும் உண்டு. நடு வயிறும், முன், பின் பம்பர் முனைகளும் உயர்வதால் மணல் மேட்டில் ஏறி இறங்கும்போது வண்டி வயிற்றில் உட்காராது. தேரி மேடுகளில் இது பயன்படும்.

டயர் மாற்றினால் ஸ்பீடோமீட்டரும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். மேலே சொன்ன 733 மி.மீ. டயரில் மீட்டர் 80 காட்டினால், சக்கரம் ஓடுவது அதைவிட சுமார் 6 சதவீதம் கூடுதல் வேகத்தில்.

மணலுக்கு லிஃப்ட் தேவையா?

உண்மையைச் சொன்னால், மணலில் முதல் ஆயுதம் லிஃப்ட் கிட் அல்ல, டயர் காற்று. தேரி மணல் மெல்லிய, உருண்டையான துகள். காற்று இறுக்கமாக இருக்கும் டயர் அதைக் கத்தி மாதிரி வெட்டி இறங்கிவிடும். 16 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை காற்றைக் குறைத்தால் டயர் பரந்து, வண்டியின் எடை அதிக இடத்தில் விழும். அதே வண்டி, அதே டிரைவர், ஆனால் மிதந்து போகும். திரும்ப ரோட்டுக்கு வந்ததும் காற்றை நிரப்பியே ஆக வேண்டும், இல்லையென்றால் டயர் சூடாகிக் கிழியும். அதனால் ஒரு சின்ன 12 வோல்ட் பம்ப், பிரஷர் கேஜ், ஒரு மண்வெட்டி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை. இவ்வளவுக்கும் ஆகும் செலவு எந்த லிஃப்ட் கிட்டையும் விடக் குறைவு. பலகை எதற்கு என்று கேட்காதீர்கள். மணலில் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்.

அப்புறம், எங்கே ஓட்டப் போகிறீர்கள்? குதிரைமொழி தேரி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே வண்டி ஓட்டினால் வழக்கு வரும். கற்குவேல் அய்யனார் கோயிலுக்குப் போகும் ரோடு வேறு, காட்டுக்குள் இறங்குவது வேறு. கடற்கரை மணலிலும் வருடத்தின் முதல் மாதங்களில் ஆமைகள் முட்டையிடும். டயர் ஏறினால் அந்தக் குழி காலி.

வெள்ளத்தில் உயரமான வண்டி காப்பாற்றுமா?

இந்தக் கேள்விக்குத்தான் பதில் தெளிவாக வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

தார் 650 மி.மீ. ஆழம் வரை தண்ணீரில் போகலாம் என்று கம்பெனி சொல்கிறது. கூர்க்காவுக்கு 700 மி.மீ. இந்த எண் எதை வைத்து வருகிறது? இன்ஜின் காற்று இழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஆக்ஸில், கியர்பாக்ஸ் மூச்சுக்குழாய்கள் எங்கே முடிகின்றன, வயரிங் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் வைத்து. ரெண்டு இன்ச் தூக்கினால் காற்று வாய் ரெண்டு இன்ச் ஏறும், ஹவுசிங்கும் சக்கர பேரிங்கும் ஏறாது. எனவே 650 உடன் 50-ஐக் கூட்டி 700 என்று நினைத்துவிடக் கூடாது.

அதைவிட முக்கியம், இந்த எண்கள் எல்லாம் நிற்கிற தண்ணீருக்கு. ஓடுகிற தண்ணீர் வேறு கதை. ஒரு அடி வேகமான நீரோட்டம் சாதாரண காரைத் தள்ளிவிடும், இரண்டு அடி இருந்தால் எஸ்.யு.வி.யையே தூக்கிக்கொண்டு போகும் என்பது அமெரிக்க வானிலை சேவை மக்களுக்குத் தரும் எச்சரிக்கை. பெரிய டயரில் உள்ள காற்று, வண்டி மிதக்கத்தான் உதவும். தாமிரபரணி கரை உடைத்து ரோட்டைத் தாண்டும்போது அடியில் ரோடு இருக்கிறதா, அரித்துப்போயிருக்கிறதா என்று எந்த வண்டியிலிருந்தும் தெரியாது.

எத்தனை இன்ச்? எந்த கிட்?

தினமும் ஓட்டும் வண்டி என்றால் 40 முதல் 50 மி.மீ. போதும். அதற்கு மேல் போனால் ஒன்றைத் தொட்டால் பத்து மாறும்.

தாரின் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். தூக்கும்போது சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடும். ரப்பர் பூட் கிழியும், மண் உள்ளே போகும், ஜாயின்ட் கடகடவென்று சத்தம் போட ஆரம்பிக்கும். ஷாக் மேலே ஸ்பேசர் வைத்தால் இன்னொரு பிரச்சினை: சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஜாயின்ட் கம்பெனி நினைத்ததைவிட அதிகமாக வளையும், பள்ளத்தில் விழும்போது ஷாக் சீக்கிரமே முட்டிவிடும்.

ஜிம்னி மாதிரி முன்னாடியும் ரிஜிட் ஆக்ஸில் உள்ள வண்டிகளில் கதை வேறு. தூக்கியதும் காஸ்டர் கோணம் குறையும். ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பும் குணம் போய், நான்குவழிச் சாலையில் வண்டி இங்கும் அங்கும் அலையும். சில நேரம் ஒரு பள்ளத்தில் ஏறியதும் முன் சக்கரங்கள் பயங்கரமாக ஆடும், பிரேக் பிடித்து நிறுத்தினால்தான் அடங்கும். ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராடும் பழைய நீளத்திலேயே இருப்பதால், ஆக்ஸில் ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். எனவே நல்ல கிட் என்றால் ஸ்பிரிங், ஷாக்கோடு காஸ்டர் திருத்தும் புஷ், நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு, தேவைப்பட்டால் நீள பிரேக் ஹோஸ் எல்லாம் இருக்க வேண்டும். கடைக்காரர் "அதெல்லாம் வேணாம் அண்ணே" என்றால் வேற கடை பாருங்கள்.

ஸ்பிரிங் வாங்கும்போது உயரத்தை மட்டும் கேட்காதீர்கள், எடையையும் கேளுங்கள். ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலிய பிராண்டுகள் ஒரே வண்டிக்கு லேசான, நடுத்தர, கனமான லோடுக்கு என்று தனித்தனி ஸ்பிரிங் விற்கும். விஞ்ச், இரும்பு பம்பர், மேலே கேரியர் எல்லாம் எப்போதும் இருக்கும் வண்டிக்குக் கனமான ஸ்பிரிங். காலி வண்டிக்கு அதைப் போட்டால் மாட்டு வண்டி மாதிரி தூக்கித் தூக்கிப் போடும், வீட்டில் யாரும் ஏற மாட்டார்கள். இதற்கு நடுவே, இரும்பு புல் பார் மாட்டுவதை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது என்பதும் நினைவிருக்கட்டும்.

கவிழும் ஆபத்து எவ்வளவு கூடும்? உதாரணத்துக்கு, சக்கரத்துக்குச் சக்கரம் 150 செ.மீ., எடையின் மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் உள்ள ஒரு வண்டி. மையம் 5 செ.மீ. ஏறினால் பக்கவாட்டில் தாங்கும் திறன் சுமார் 7 சதவீதம் குறையும். மணலில் 20 கி.மீ. வேகத்தில் இது தெரியாது. துறைமுக லாரி திடீரென்று லேன் மாறி, நீங்கள் ஸ்டியரிங்கை வெட்டும்போது தெரியும்.

ஆர்.டி.ஓ. பிடிப்பாரா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரி தீர்ப்பில் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ(4) பிரிவுப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

"ஆர்.சி.யில் கிரவுண்ட் கிளியரன்ஸே எழுதல, அப்புறம் எப்படி தப்பு?" என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் 182ஏ(4) பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றுவதையும் சேர்த்தே சொல்கிறது, அதன் சொற்கள் விரிந்தவை. "ஆர்.டி.ஓ. அப்ரூவ்ட் கிட்" என்று யாராவது விற்றால், உங்கள் மாடலின் பெயர் இருக்கும் அனுமதிக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். வாய் வார்த்தை செக்போஸ்ட்டில் செல்லாது.

அபராதத்தைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குக் காரணம் என்று சர்வேயர் எழுதினால், கிளைம் மறுக்கப்படலாம். வண்டி வாரண்டியிலும் சஸ்பென்ஷன், டிரைவ் ஷாஃப்ட் சம்பந்தப்பட்ட பழுதுக்குக் கைவிரிப்பார்கள். இதனால்தான், உயரத்தை மாற்றாமல் நல்ல தரமான ஷாக்கும், உங்கள் லோடுக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் போடுவது பலருக்குப் புத்திசாலித்தனமான வழி. இன்ஸ்டாகிராம் லைக் குறையும், அவ்வளவுதான்.

உப்புக் காற்றை மறந்துடாதீங்க

வெளியூர் யூடியூப் வீடியோக்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். முத்துநகர்க் காற்றே உப்பு. ஸ்பிரிங் மேல் உள்ள பெயின்ட் ஒரு கல் பட்டுப் பெயர்ந்தால் போதும், அந்த இடத்தில் துரு குழி விழும். ஸ்பிரிங் வளைந்து நிமிரும்போது விரிசல் அந்தக் குழியில்தான் ஆரம்பிக்கும். ஒரு நாள் சத்தமில்லாமல் உடையும்.

உப்பளத்துக்கோ கடற்கரைக்கோ போய் வந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் மண் தேங்கி நிற்கும், அதைத் தனியாகப் பீய்ச்ச வேண்டும். கிட் மாட்டும்போதே போல்ட் மரைகளில் துருப்பிடிக்காத கிரீஸ் தடவச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை கழற்ற வெல்டிங்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

மாட்டிய அன்றே வீல் அலைன்மென்ட், ஸ்டியரிங் சென்சார் சரிபார்ப்பு, ஹெட்லைட் உயரம் மூன்றையும் செய்து கொடுக்கச் சொல்லி, அலைன்மென்ட் ரிப்போர்ட்டை வாங்கி வையுங்கள். முன்பக்கம் உயர்ந்த வண்டியின் லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். சுமார் 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்க வேண்டும். புஷ் போல்ட்டுகளை மட்டும், வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போது இறுக்கச் சொல்லுங்கள். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதத்திலேயே கிழிந்துவிடும்.