பொதித் தலைப்பகுதிகளைப் பாதுகாப்பாகக் கையாளல் (லினக்சு கருனி)

பொதித் தலைப்பகுதிகளைப் பாதுகாப்பாகக் கையாளல் என்பது, வலையமைப்பின் வழியே வந்துசேரும் ஒரு பொதியின் தலைப்பகுதியை இயங்குதளத்தின் கருனி படிப்பதற்கு முன்னர், படிக்கவேண்டிய பைட்டுகள் உண்மையிலேயே நினைவகத்தில் உள்ளனவா என்பதையும், அத்தலைப்பகுதியில் குறிக்கப்பட்டுள்ள நீளங்கள் பொருந்துகின்றனவா என்பதையும் உறுதிசெய்துகொள்ளும் முறைகளைக் குறிக்கும். இக்கட்டுரை லினக்சு கருனியின் வலையமைப்பு நிரலில் இம்முறைகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதையும், அந்நிரலை மீளாய்வு செய்வோர் எவற்றைத் தேடுகின்றனர் என்பதையும் விளக்குகிறது.

ஒரு பொதியின் ஒவ்வொரு பைட்டையும் அனுப்புநரே தீர்மானிக்கிறார். அவர் உலகின் எந்த மூலையிலும் இருக்கலாம். கடவுச்சொல் எதையும் அவர் தரவேண்டியதில்லை, ஏனெனில் கடவுச்சொல்லைக் கேட்கும் செயலியைப் பொதி சென்றடையும் முன்னரே கருனி அதன் தலைப்பகுதிகளைப் படித்துவிடுகிறது. கருனியோ கணினியின் மிக உயர்ந்த அதிகாரத்துடன் இயங்குவது. ஆகவே சாதாரணச் செயலி ஒன்றில் அச்செயலியை மட்டும் நிறுத்தக்கூடிய ஒரு சிறு வழு, இங்கு கணினி முழுவதையும் வீழ்த்தலாம். நினைவகத்தில் உள்ள மறைபொருளை வெளியே கசியவிடலாம். சில வேளைகளில் கணினியின் கட்டுப்பாட்டையே அயலாரிடம் ஒப்படைத்துவிடலாம்.

வரலாறு

இவ்வகை வழுக்கள் பரவலாக அறியப்பட்டது 1990களின் பிற்பகுதியில் ஆகும். இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் ஒரு பொதியின் மொத்த நீளம் 65,535 பைட்டுகளைத் தாண்ட இயலாது. ஆனால் துண்டமிடப்பட்ட பொதியில், துண்டத்தின் இடத்தைக் குறிக்கும் 13 பிட்டுப் புலம் 8 பைட்டு அலகில் எண்ணப்படுவதால், கடைசித் துண்டம் 65,528 ஆம் பைட்டில் தொடங்க முடியும். அத்துண்டத்தில் 7 பைட்டுகளுக்கு மேல் இருந்தாலே எல்லை மீறப்படுகிறது. ஒன்றுசேர்க்கும் நிரல் இக்கூட்டலைச் சரிபார்க்காத இயங்குதளங்கள் அக்காலத்தில் பல இருந்தன. "பிங் ஆஃப் டெத்" என்று பெயர்பெற்ற தாக்குதல் இதனையே பயன்படுத்தியது.

1997 இல் வெளிப்பட்ட "டியர்டிராப்" தாக்குதல் இதைவிட நுட்பமானது. இதில் இரண்டாம் துண்டம் முதல் துண்டத்தின் உள்ளேயே தொடங்கி அதன் உள்ளேயே முடியும். மேற்படியும் பகுதியை நீக்குவதற்காக நிரல் இரண்டாம் துண்டத்தின் தொடக்கத்தை முதல் துண்டத்தின் இறுதிக்கு நகர்த்தியது. பின்னர் இறுதியிலிருந்து தொடக்கத்தைக் கழித்து நீளத்தைக் கணித்தது. விடை எதிர்ம எண். நகலெடுக்கும் செயற்கூறு அதனைக் குறியற்ற எண்ணாக எடுத்துக்கொண்டதால், அது மிகப்பெரிய நீளமாக மாறிக் கணினி நிலைகுலைந்தது. விண்டோசு 95, விண்டோசு என்.டி. ஆகியவற்றுடன், லினக்சின் 2.0.32 க்கு முந்தைய பதிப்புகளும் இதனால் பாதிக்கப்பட்டன.

எஸ்கே_பஃப் அமைப்பு

லினக்சில் ஒவ்வொரு பொதியும் "எஸ்கே_பஃப்" என்னும் தரவு அமைப்பினால் குறிக்கப்படுகிறது. மீளாய்வின் பெரும்பகுதி இவ்வமைப்பைச் சரியாகப் புரிந்துகொள்வதிலேயே அடங்கியுள்ளது. இதில் நான்கு இடக்குறிகள் உள்ளன: ஒதுக்கப்பட்ட நினைவகத்தின் தொடக்கம், தரவின் தொடக்கம், தரவின் இறுதி, ஒதுக்கப்பட்ட நினைவகத்தின் இறுதி. ஒரு நெறிமுறை அடுக்கு தன் தலைப்பகுதியைப் படித்து முடித்ததும் தரவின் தொடக்கம் முன்னே நகர்த்தப்படும். அதாவது தலைப்பகுதி அழிக்கப்படுவதில்லை, தாண்டப்படுகிறது.

இவ்வமைப்பை முதன்முறையாகப் படிப்போர் பெரும்பாலும் தவறவிடும் செய்தி, பொதி முழுவதும் ஒரே தொடர்ச்சியான இடத்தில் இருக்கவேண்டியதில்லை என்பதாகும். தொடர்ச்சியான பகுதி "நேரியல் பகுதி" எனப்படும். எஞ்சிய தரவு தனித்தனி நினைவகப் பக்கங்களில் துண்டங்களாக இருக்கலாம். அமைப்பில் உள்ள "லென்" என்னும் புலம் இரண்டும் சேர்ந்த மொத்த நீளத்தையும், "டேட்டா_லென்" என்பது பக்கங்களில் உள்ள நீளத்தை மட்டும் குறிக்கின்றன. "லென் 20 க்கு மேல் இருக்கிறது, ஆகவே 20 பைட்டுகளைப் படிக்கலாம்" என்று எழுதப்பட்ட நிரல் தவறானது. அந்த 20 பைட்டுகளில் சில வேறு பக்கத்தில் இருக்கக்கூடும். அப்போது சுட்டு காட்டும் இடத்தில் இருப்பது பொதியின் தரவன்று, முன்னர் வேறு எதற்கோ பயன்பட்ட நினைவகத்தின் எச்சம்.

இவ்வழு சோதனைகளில் எளிதில் தென்படாது. சிறிய பொதிகளைப் பல வன்பொருள் இயக்கிகள் முழுமையாக நேரியல் பகுதியிலேயே இடுவதால், எழுதியவரின் மேசைக் கணினியில் நிரல் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கும்.

சரிபார்த்த பின் படித்தல்

இதற்கென இரண்டு செயற்கூறுகள் உள்ளன. "பிஎஸ்கேபி_மே_புல்" என்பது கேட்கப்பட்ட எண்ணிக்கையிலான பைட்டுகள் நேரியல் பகுதியில் இருப்பதை உறுதிசெய்யும். இல்லையெனில் பக்கங்களிலிருந்து அவற்றை இழுத்துக் கொணரும். பொதியே அத்தனை நீளம் இல்லாவிடில் தோல்வியைத் திருப்பும். "எஸ்கேபி_ஹெடர்_பாயிண்டர்" என்பது பொதியை மாற்றாமல், தேவையான பைட்டுகள் சிதறியிருந்தால் அழைப்பவர் தரும் ஓர் இடத்தில் அவற்றை நகலெடுத்துத் தரும். தீயரண் போன்று பார்ப்பதோடு நின்றுவிடும் நிரல்களுக்குப் பின்னது ஏற்றது.

நான்காம் பதிப்புப் பொதியைப் பெறும் "ஐபி_ஆர்சிவி" பகுதியின் நிரல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். வலையமைப்பு நிரலைக் கற்க விரும்பும் மாணவர் முதலில் படிக்கவேண்டியது இதுவே எனலாம். முதலில் 20 பைட்டுகள் உள்ளனவா என்று பார்க்கப்படுகிறது. 20 என்பது தலைப்பகுதியின் மிகக் குறைந்த அளவு. அதன் பின்னரே தலைப்பகுதி நீளம் என்னும் 4 பிட்டுப் புலம் படிக்கப்படுகிறது. அது 5 க்குக் குறைவாகவோ, பதிப்பு எண் 4 அல்லாததாகவோ இருந்தால் பொதி கைவிடப்படும். அப்புலம் 32 பிட்டு அலகில் எண்ணப்படுவதால் தலைப்பகுதி 60 பைட்டுகள் வரை நீளலாம். எனவே அந்நீளத்திற்கு மீண்டும் ஒருமுறை "பிஎஸ்கேபி_மே_புல்" அழைக்கப்படுகிறது. பின்னர் சரிபார்ப்புத்தொகை கணிக்கப்படுகிறது. இறுதியாக, தலைப்பகுதி கூறும் மொத்த நீளம் உண்மையில் வந்துசேர்ந்த நீளத்தைவிட மிகாமலும், தலைப்பகுதியின் நீளத்தைவிடக் குறையாமலும் உள்ளதா எனப் பார்க்கப்படுகிறது.

வந்துசேர்ந்தது கூடுதலாக இருப்பின் பிழையன்று. ஈதர்நெட்டுச் சட்டகத்தின் உள்ளடக்கம் 46 பைட்டுகளுக்குக் குறையக்கூடாது என்பதால் சிறு பொதிகளின் பின்னே நிரப்புப் பைட்டுகள் வருவது இயல்பு. கருனி அவற்றை வெட்டிவிடுகிறது. இவ்வெட்டுதல் விடுபட்டால், மேலடுக்குகள் நிரப்புப் பைட்டுகளையும் தரவாக எண்ணிக்கொள்ளும்.

ஒரு புலத்தை நம்புவதற்கு முன் அப்புலம் இருக்கும் இடத்தை உறுதிசெய்வது, புலத்தின் மதிப்பு கீழெல்லைக்குக் குறையவில்லை என்பதைப் பார்ப்பது, அம்மதிப்பின்படி மீண்டும் இடத்தை உறுதிசெய்வது என்னும் இவ்வரிசை டிசிபி நிரலிலும் அப்படியே பின்பற்றப்படுகிறது. ஆறாம் பதிப்பின் முதன்மைத் தலைப்பகுதி எப்போதும் 40 பைட்டு என்பதால் எளிதாகத் தோன்றும். ஆனால் அதன்பின் வரும் நீட்சித் தலைப்பகுதிகள் ஒன்றையொன்று சங்கிலியாகத் தொடர்வன. பெரும்பாலானவற்றின் நீளம் 8 பைட்டு அலகில் முதல் எட்டை விடுத்து எண்ணப்படுகிறது. உறுதிப்பாட்டுத் தலைப்பகுதியில் மட்டும் 4 பைட்டு அலகு. புதிதாக எழுதுவோர் இடறும் இடம் இது.

காலாவதியான சுட்டுகள்

"பிஎஸ்கேபி_மே_புல்" பைட்டுகளை இழுக்கும்போது, இடம் போதாவிடில் நேரியல் பகுதியையே புதிய நினைவகத்திற்கு மாற்றக்கூடும். அதற்கு முன்னர் எடுத்து வைத்திருந்த எந்தச் சுட்டும் அப்போது விடுவிக்கப்பட்ட நினைவகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவேதான் "ஐபி_ஆர்சிவி" தன் இரண்டாம் அழைப்பின் பின்னர் தலைப்பகுதிச் சுட்டை மீண்டும் பெறுகிறது. பார்வைக்குத் தேவையற்றதாகத் தோன்றும் அவ்வொரு வரியை "மெருகூட்டல்" என்ற பெயரில் யாரேனும் நீக்கினால் பெரும் வழு உண்டாகும். எஸ்கே_பஃப் அமைப்பு தலைப்பகுதிகளின் இடத்தைச் சுட்டாக வைக்காமல், தொடக்கத்திலிருந்து உள்ள தொலைவாக வைப்பதன் பயனும் இதுவே: நினைவகம் மாறினாலும் தொலைவு மாறுவதில்லை.

பொதிக்குள் பொதியை வைத்து அனுப்பும் சுரங்க நெறிமுறைகளில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. 2024 இல் ஜெனீவ் என்னும் சுரங்க நெறிமுறையின் நிரலில் திருத்தப்பட்ட வழு ஒன்று இதனைத் தெளிவாகக் காட்டும். வெளித் தலைப்பகுதி நீக்கப்பட்டபின், உள்ளிருக்கும் தலைப்பகுதி நேரியல் பகுதியில் உள்ளதா என்று பாராமலேயே அதன் நெரிசல் குறிகள் படிக்கப்பட்டு வந்தன. திருத்தத்தில் உள் தலைப்பகுதியை இழுக்கும் அழைப்பு சேர்க்கப்பட்டது. ஆனால் அதை மட்டும் சேர்த்திருந்தால், வெளித் தலைப்பகுதிக்கென முன்னரே எடுத்திருந்த சுட்டு காலாவதியாகிப் புதிய வழு பிறந்திருக்கும். எனவே திருத்தியவர் அச்சுட்டைத் தொலைவாக மாற்றிச் சேமித்து, இழுத்த பின்னர் மீண்டும் சுட்டாக ஆக்கினார். சரிபார்ப்பு ஒன்றைச் சேர்க்கும் திருத்தத்தை மீளாய்வு செய்யும்போது, அச்சரிபார்ப்புக்கு மேலே உள்ள வரிகளையும் படிக்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

விருப்பத் தெரிவுகளைப் படிக்கும் சுழல்கள்

டிசிபி தலைப்பகுதியின் இறுதியில் 40 பைட்டுகள் வரை விருப்பத் தெரிவுகள் இடம்பெறலாம். ஒவ்வொன்றும் வகை, நீளம், மதிப்பு என அமையும். நீளம் 0 என்று அனுப்புநர் எழுதினால் சுழல் முன்னேறாமல் முடிவின்றிச் சுற்றும். எனவே நீளம் 2 க்குக் குறையக்கூடாது. எஞ்சியுள்ள பைட்டுகளைவிட அது மிகவும் கூடாது. இவ்விரு சோதனைகளும் லினக்சின் "டிசிபி_பார்ஸ்_ஆப்ஷன்ஸ்" செயற்கூறில் நெடுங்காலமாகவே இருந்தன.

இருந்தும் ஓர் ஓட்டை எஞ்சியிருந்தது. ஒரே ஒரு பைட்டு மட்டும் மீதமிருந்து, அது ஏதேனும் ஒரு வகை எண்ணாக இருந்தால், நீளத்தைப் படிக்க முனையும் நிரல் எல்லைக்கு வெளியே ஒரு பைட்டைப் படித்துவிடும். 2019 இல் "மீதம் 2 க்குக் குறைவெனில் திரும்பு" என்னும் சிறு சோதனை சேர்க்கப்பட்டு இது திருத்தப்பட்டது. அச்சுழலின் வடிவம் கருனியின் பிற பகுதிகளிலும் இருந்தது; எம்.பி.டிசிபி, தீயரணின் சின்பிராக்சி, கேக் என்னும் வரிசைப்படுத்தி ஆகிய மூன்றிலும் அதே வழு 2021 இல்தான் திருத்தப்பட்டது. ஒரு வழுவைக் கண்டதும் அதன் உடன்பிறப்புகளையும் தேடுவது மீளாய்வாளரின் கடமைகளுள் ஒன்று.

எண்கணித வழுக்கள்

இடச் சோதனை சரியாக இருந்தாலும், சோதிக்கப்படும் எண்ணே தவறாகக் கணிக்கப்பட்டிருக்கலாம். 2020 இல் பாலோ ஆல்ட்டோ நெட்வொர்க்சு நிறுவனத்தின் ஓர் கோகன் கண்டறிந்த வழு (சிவிஇ-2020-14386) இவ்வகையினது. பொதிகளை நேரடியாகப் பிடிக்கும் நிரலில், பயனர் கேட்கும் ஒதுக்கிடம் 32 பிட்டு எண்ணாகவும், அதனைக் கூட்டிப்பெறும் விடை 16 பிட்டு மாறியாகவும் இருந்தன. பெரிய ஒதுக்கிடம் கேட்டால் விடை சுற்றி வந்து சிறிய எண்ணாகும். அதிலிருந்து தலைப்பகுதி அளவைக் கழிக்கையில் இடையகத்திற்கு முன்னுள்ள நினைவகத்தில் எழுத்து விழும். கணினியின் சாதாரணப் பயனர் முதன்மைப் பயனராக மாற இதனைப் பயன்படுத்த இயலும்.

2019 இல் நெட்பிளிக்சு நிறுவனத்தின் ஜோனதன் லூனி வெளிப்படுத்திய "சாக் பானிக்" தொலைவிலிருந்தே கணினியை நிறுத்தக்கூடியது. ஓர் எஸ்கே_பஃப் 17 துண்டங்கள் வரை தாங்கும். ஒவ்வொன்றும் 32 கிலோபைட்டு வரை இருக்கலாம். மறுமுனை தன் பெருமக் கூற்று அளவை 48 பைட்டு என அறிவித்தால், 40 பைட்டு விருப்பத் தெரிவுகள் போக ஒரு கூற்றில் எஞ்சுவது 8 பைட்டுத் தரவே. 17 துண்டங்களை எட்டெட்டாகப் பிரித்தால் 69,632 கூறுகள். கூறுகளை எண்ணும் மாறியோ 65,535 வரை மட்டுமே எண்ணவல்ல 16 பிட்டு மாறி. இங்கு தனித்தனியே ஒவ்வொரு புலமும் முறையானதே. அவற்றின் சேர்க்கையை எவரும் கணித்துப் பார்க்கவில்லை.

எழுதுதலும் பைட்டு வரிசையும்

தலைப்பகுதியை மாற்றும் நிரலுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. ஒரே தரவைப் பல எஸ்கே_பஃப் நகல்கள் பகிர்ந்திருக்கலாம் என்பதால், "எஸ்கேபி_என்ஷூர்_ரைட்டபிள்" போன்ற செயற்கூறினால் தனிப்படியைப் பெற்ற பின்னரே எழுதவேண்டும். அதுவும் நினைவகத்தை மாற்றக்கூடியதே. பொதியிலுள்ள எண்கள் பெரு முனை முதலாக அமைவதால், அவற்றை மாற்றாமல் ஒப்பிடும் நிரல் பெரும்பாலான இன்றைய கணினிகளில் தவறான விடை தரும். லினசு டோர்வால்டுசு 2003 இல் தொடங்கிய "ஸ்பார்சு" என்னும் கருவி இத்தகைய கலப்பைச் சுட்டிக்காட்டுகிறது.

கருவிகள்

2015 இல் கருனியின் 4.0 பதிப்பில் சேர்ந்த "கேசான்" எல்லை மீறிய படிப்பைக் கண்டறியும். ஆயினும் பொதியின் இறுதியைத் தாண்டி, ஒதுக்கப்பட்ட இடையகத்திற்கு உள்ளேயே நிகழும் படிப்பை அது அறியாது. அவ்விடம் முறையாக ஒதுக்கப்பட்டதே அல்லவா. அதனைப் பிடிப்பது, தொடக்க மதிப்பு இடப்படாத நினைவகத்தைப் பின்தொடரும் "கேம்சான்". இது 2022 இல் 6.1 பதிப்பில் சேர்ந்தது. கூகிளின் "சிஸ்காலர்" மெய்நிகர் வலையமைப்பு இடைமுகம் வழியே சிதைந்த பொதிகளைத் தொடர்ந்து உட்செலுத்தி இவ்விரு கருவிகளையும் தூண்டுகிறது. மேற்கூறிய ஜெனீவ் வழு இவ்வாறே வெளிப்பட்டது.

2016 இல் அறிமுகமான எக்சுடிபி வசதி வேறொரு வழியை மேற்கொள்கிறது. அதில் பயனர் எழுதும் சிறு நிரல், தரவின் இறுதியோடு சுட்டை ஒப்பிடாமல் ஒரு பைட்டைப் படிக்க முயன்றாலும், கருனியின் சரிபார்ப்பி அதனை ஏற்றவே மறுத்துவிடும். தலைப்பகுதியின் இடம் மாற்றப்பட்டால் பழைய சுட்டுகள் அனைத்தும் செல்லாதவை எனக் குறிக்கப்படும். சி மொழியில் எழுதப்பட்ட கருனியின் ஏனைய வலையமைப்புப் பகுதிகளுக்கு அத்தகைய சரிபார்ப்பி இல்லை. அங்கு அவ்வேலையை இன்றும் மீளாய்வாளரின் கண்களே செய்கின்றன.