கங்கைக் கரையில் குடிவழி ஏடுகள்

பிழைப்பின் பொருட்டு வடபுலம் போந்த தமிழர் இருவர் முதன்முறை சந்திக்குங்கால், பெயரைக் கேட்பதற்கு முன்னரே, "தங்களுக்கு எந்த ஊர்?" என்று வினவிக்கொள்வர். தில்லியில் முப்பதாண்டு வாழ்ந்தவரும் அவ்வினாவுக்குத் தில்லி என்று விடை கூறார். காவிரிக்கரையிலோ பொருநைக்கரையிலோ உள்ள ஒரு சிற்றூரின் பெயரையே கூறுவர். இதே வினாவை வேற்று மொழியில் அரித்துவாரத்துக் கங்கைத் துறையிலும் கேட்கலாம். ஆங்குள்ள தீர்த்தப் புரோகிதராகிய பண்டா, யாத்திரிகரின் இன்றைய முகவரியைப் பொருட்படுத்துவதில்லை. முன்னோர் ஊர் எது, குலம் எது என்னும் இரண்டும் தெரிந்தாற் போதும்; அவ்வூருக்குரிய பண்டாவின் வீட்டுக்கு வழி காட்டப்படும். ஆங்கே ஓர் ஏடு எடுத்து விரிக்கப்படும்.

'வஹி' என்பது அவ்வேட்டின் பெயர். நீண்டு ஒடுங்கிய வடிவுடையது. துணியில் சுற்றிக் காக்கப்படுவது. வந்தவர் யார், உடன் வந்தவர் எவர், எதன் பொருட்டு வந்தனர், தந்தை பாட்டன் பெயர்கள் யாவை, முன்முறை வந்த பிறகு குடும்பத்திற் பிறந்தவர் மறைந்தவர் யாவர் என்பனவெல்லாம் அதில் எழுதப்பெறும். எழுத்தறிந்தவராயின் தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிடுவர். ஆதலின் ஓர் ஏட்டிலேயே நாகரி, உருது, குருமுகி, டாக்ரி எனப் பல எழுத்துக்கள் அடுத்தடுத்துக் காணக் கிடைக்கின்றன. இவ்வேடுகளில் ஒரு குறையும் உண்டு. வழிமுறை ஆண்மக்கள் வாயிலாகவே செல்லும். மணமாகிச் சென்ற மகளின் மக்களைக் காணவேண்டின், அவள் கணவன் ஊருக்குரிய வேறோர் ஏட்டைத் தேடவேண்டும். பாதிக் குடும்பத்தைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்ட வரலாறு இது என்பேன்.

மேனாட்டார் ஊர்தோறும் குடிவழிக் கழகங்கள் அமைத்து, தேவாலயப் பதிவுகளையும் கல்லறை எழுத்துக்களையும் ஆராய்கின்றனர். அரித்துவாரத்தில் அப்பணி கழகமாக அன்றிக் குலத்தொழிலாகவே வளர்ந்தது. ஏடுகள் தனித்தனிக் குடும்பங்களின் சொத்து. தந்தையிடமிருந்து மகனுக்கு வருபவை. 1916 இல் பண்டித மதன்மோகன் மாளவியாவின் முயற்சியால் தோன்றிய கங்கா சபை, புரோகிதர்களின் பொது அமைப்பாய் நின்று படித்துறையைப் பேணிவருகிறது.

இவ்வேடுகளுக்கும் ஓர் ஆண்டுச் சக்கரம் உண்டு. நாம் சித்திரைப் பிறப்புக் கொண்டாடும் நாளையொட்டிப் பஞ்சாபியர் வைசாகி நீராடத் திரள்வர். கோடையில் கங்கா தசரா வரும். மழைக்காலத்தில் காவடி தூக்கிய இளைஞர் இலட்சக்கணக்கில் வந்து கங்கைநீர் முகந்து செல்வர். இக்காவடி நம் முருகன் அடியாரின் காவடியை நினைவூட்டுவது. எனினும் இவ்விளைஞருட் பலர்க்கு ஏட்டைப் பார்க்கும் பொறுமை இராது. புரட்டாசியை ஒட்டிய மகாளய பட்சமே எழுத்தாணிக்கு ஓய்வற்ற காலம். மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லியன்றோ பிதிர்க்கடன் ஆற்றவேண்டும்! மறந்தவர்க்கு ஏடே நாவாகிறது. இவை தவிர, அஸ்தி கரைக்க வருவோர் நாள்தோறும் வந்தவண்ணம் இருப்பர், மரணத்துக்குப் பருவமில்லை. கூட்டம் ஓய்ந்த நாட்களில் சிதைந்த ஏடுகளைப் பெயர்த்தெழுதுவர். முற்காலத்தில் பண்டாக்கள் தாமே தம் யஜமானர்களின் ஊர்களுக்குச் சென்று, காணிக்கை பெற்று, புதுப்பிறப்புக்களைக் கேட்டு எழுதிக்கொண்டு மீள்வதும் உண்டு.

இவ்வேடுகள் வரலாற்றுக்கு என்ன உதவின என்று வினவுவார்க்கு ஓவியர் நயின்சுகின் செய்தி ஒன்றே சாலும். பஹாடி ஓவியங்கள் எனப் போற்றப்படும் இமயமலைச் சாரற் சிற்றோவியங்களை வரைந்தவர் பெயர்கள் நெடுங்காலம் அறியப்படவில்லை. குலேர்ப் பாணி, காங்ராப் பாணி என அரசுகளின் பெயராலேயே அவை வழங்கின. இந்திய ஆட்சிப் பணியைத் துறந்து கலை வரலாற்றில் ஈடுபட்ட பி. என். கோஸ்வாமி, அவ்வோவியர் குடும்பங்களைத் தேடி அரித்துவாரத்து ஏடுகளைப் புரட்டினார். அரசவைக் குறிப்புக்களில் இடம்பெறாத தொழிலாளர், தீர்த்தத்துக்கு வந்தபோது தம் ஊரும் குலமும் தந்தை பெயரும் எழுதிச் சென்றிருந்தனர். ஜஸ்ரோட்டா இளவரசன் பல்வந்த் சிங் 1763 இல் மறைந்தபின், அவனிடம் பணிபுரிந்த நயின்சுக் அவன் அஸ்தியுடன் அரித்துவாரம் வந்தான். ஏட்டில் தன் கைப்பட டாக்ரி எழுத்தில் குறிப்பு எழுதினான். எழுதியதோடு அமையாது ஒரு சிறு சித்திரத்தையும் வரைந்து வைத்தான். பண்டிட் சேவு தந்தை, மானகு தமையன் என அக்குடும்பம் உருப்பெற்றது. ஓவியப் பாணிக்கு அடிப்படை அரசு அன்று, குடும்பமே என்று கோஸ்வாமி 1968 இல் வெளியிட்ட கட்டுரை அத்துறையின் நோக்கையே மாற்றியது. யாத்திரிகனிடம் ஊரும் பேரும் கேட்ட ஒரு பண்டாவின் பழக்கம் அதற்குத் துணைநின்றது!

சொத்து வழக்குகளில் உறவை நிறுவ இவ்வேடுகள் நீதிமன்றம் ஏறியதும் உண்டு. பின்னர், 1970களின் இறுதியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் குடிவழிக் கழகத்தார் இவற்றை நுண்படச் சுருள்களில் பதிவு செய்யலாயினர். தாள் அழியினும் படம் நிற்கும். ஆயின் அடுத்த பக்கத்தை எழுதவேண்டியவர் வாராதபோது படத்தால் ஆவது என்? அவரவர் நகரிலேயே கடன் முடித்துக்கொள்ளும் இளையோர் பெருகிவருகின்றனர்.

1947 இல் சியால்கோட் பக்கத்திலிருந்து சிறுவனாகத் தில்லி வந்த பெரியவர் ஒருவர் எம் அண்டை வீட்டில் வாழ்ந்தார். வீடு, நிலம், பத்திரம் யாவும் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டன. 1978 இல் தம் தந்தையாரின் அஸ்தியை எடுத்துச் சென்றபோது என்னையும் உடன் அழைத்தார். பண்டா நெடுநேரம் தேடி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். பாட்டனாரின் உருதுக் கையொப்பம் அது. பெரியவரின் மகனுக்கு உருது தெரியாது. அவர் படித்துக் காட்டினார். பிறகு பேனாவை வாங்கித் தந்தையின் மறைவையும் தம் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதினார். ஊர் எழுதவேண்டிய இடத்தில் கை சற்றே தயங்கிற்று. தில்லி என்று எழுதுவாரென எண்ணினேன். எழுதவில்லை, சியால்கோட்டை அடுத்த அந்தக் கிராமத்தின் பெயரையே எழுதி, கீழே கையொப்பமிட்டார்.