ஏரியல் பொருத்தமின்மையும் செலுத்தியின் உஷ்ணமும்

வாழைச்சேனைத் துறையிலிருந்து ஆழ்கடல் செல்லும் படகொன்றிலுள்ள 25 வாட் வானொலிச் செலுத்தி, 50 ஓம் மின்மறிப்புடைய ஏரியலை உத்தேசித்து அமைந்ததாகையால், கடலோரத்து உப்புக்காற்றினால் இணைப்பினுள் பச்சைக் களிம்பேறி அம்மறிப்புப் பேதப்படுங்கால், அனுப்பிய சக்தியின் ஒரு பங்கு வானிற் பரவாது கேபிள் வழியே திரும்பிவிடுகிறது. இப்பொருத்தமின்மையின் அளவான நிலையலை விகிதம் 3:1 ஆயின் காற்பங்கு, அதாவது ஏறக்குறைய 6 வாட், இவ்வாறு பிரதிபலிக்கும்.

திரும்பியது முழுவதும் அப்படியே உஷ்ணமாகிறதென்பது பலர் நம்பும் பிழை. பிரதிபலித்த அலை எந்த அவத்தையில் வந்து சேர்கிறதோ அதற்கேற்ப, இறுதிநிலைத் திரான்சிற்றர் மிகையான மின்னோட்டத்தை இழுத்துக் கொதிப்பதும், சிற்சில வேளை முன்னிலும் குளிர்ந்திருப்பதும் உண்டு. கேபிளின் நீளத்தைச் சற்றே மாற்றினாலும் சூடு வேறுபடுவது இக்காரணத்தாலேயே. பிற்காலக் கருவிகள் பிரதிபலிப்பை அளந்து தாமே சக்தியைக் குறைத்துக்கொள்கின்றன. கருவி பிழைக்கும், குரலோ கரையை எட்டாது போகலாம்.